நெஞ்சு முடி

மார்ச் 27

தங்கைக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டை விட்டுப் போன அன்று, அவளை உன் வீட்டில் ஒரு வாரம் வைத்துச் சோறு போட்டாய். "அவ பக்கம்தான் நியாயம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாய். நான் மறக்கவில்லை. போனில் பேசலாம்தான். பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், சொல்ல வந்தது நடுவில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன்.

என் பையன் குடித்தான். இல்லை என்று சொல்லவில்லை. நம் சலூனில் வாடிக்கைக்காரர் கழுத்தில் சவரக் கத்தியை வைத்துக்கொண்டு கை நடுங்கி நின்றவன் அவன். கடையே சிரித்தது. ஆனால் போன ஜூலையில் நிறுத்தினான். யாரும் சொல்லி நிறுத்தவில்லை, அவனாக நிறுத்தினான். அன்றிலிருந்து என்னோடுதான் கடையில் நிற்கிறான், என் தட்டுக்கு எதிர்த்தட்டில் சாப்பிடுகிறான், அடுத்த அறையில் தூங்குகிறான். எனக்குத் தெரியாமல் ஒரு சொட்டு இறங்குமா?

மருமகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. வாண்டுவையும் கூட அழைத்துப் போக அனுமதி கேட்டுக் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறாள். இவன் இன்னும் குடிக்கிறானா இல்லையா, அது ஒன்றுதான் கேள்வி என்று நீதிபதி சொல்லிவிட்டார். குடிக்கவில்லை என்றால் குழந்தை இங்கேயே இருக்கும், வாரக் கடைசியில் அப்பாவிடம் வரும். குடிக்கிறான் என்றால் விமானம் ஏறிவிடும். என் பேத்தியை அதன்பிறகு நான் போன் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும்.

ஊதச் சொன்னால் அன்றைய குடி மட்டும்தான் தெரியுமாம். சிறுநீரில் நாலைந்து நாள் தெரியுமாம். அதனால் முடியைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு. போன வாரம் போனோம். ஒரு பெண் இவன் நெஞ்சிலிருந்து ஒரு கொத்து முடியை வெட்டினாள். அவள் கத்தரி பிடித்த லட்சணத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அலுமினியத் தாளில் மடித்து, உறையில் போட்டு, சீல் வைத்து, இவனிடம் கையெழுத்து வாங்கினாள். உறை நீ வேலை செய்கிற ஆய்வகத்துக்குத்தான் போகிறது என்றாள்.

நீ பொய் சொல்ல வேண்டாம். அது உன் மேசைக்கு வந்தால் நிதானமாகப் பார். இந்த வயதுவரை உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் அப்படித்தான் எழுதுவேன்.

உறையின் மேல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. உங்கள் கடிதம் வரும்வரை எனக்கும் தெரியாது. வந்தபிறகு தெரிந்துவிட்டது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு காலை முழுவதும் வேலை பார்த்தேன். எந்தக் குழாயை எடுத்தாலும் கை தயங்கியது. மதியம் பொறுப்பாளரிடம் போய், என் அண்ணன் மகனுடைய மாதிரி இங்கே வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

"சொன்னீங்களே, அது போதும். சொல்லாம இருந்து நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் கண்டுபிடிச்சா, ரிசல்ட் எப்படி வந்தாலும் குப்பைக்குத்தான் போகும்" என்றார்.

உறையைத் திறக்காமலே வேறு ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இனி நான் பார்க்க முடியாது. இரண்டாவது முறையும் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். நெஞ்சிலிருந்து ஏன் வெட்டினார்கள்? எப்போதும் தலையிலிருந்துதான் எடுப்பார்கள். அங்கே இல்லாவிட்டால்தான் நெஞ்சுக்கோ காலுக்கோ போவார்கள். அவனுக்கு உங்களைப் போலவே அடர்த்தியான முடி ஆயிற்றே. தலைக்கு என்ன ஆயிற்று? உடனே எழுதுங்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 8

தங்கைக்கு,

காட்டிக்கொடுத்துவிட்டாய். நீயே எழுதிவிட்டதால் நான் தனியாக எழுதவில்லை.

தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் மழித்தேன். சோதனைக்கு முந்தின நாள், கடையில், என் நாற்காலியில் உட்கார வைத்து.

ஏன் என்று கேட்பாய். எங்கள் கடையில் நாள் முழுவதும் ஸ்பிரிட்தான். கத்தியைத் துடைக்க ஸ்பிரிட், சவரம் முடிந்தால் கன்னத்தில் லோஷன், சீவி முடித்தால் தலைக்கு ஸ்ப்ரே. கடைக்குள் வருகிறவன் எவனும் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்ததில்லை. அந்த நெடி எட்டு மாதமாக இவன் தலையில் ஊறிக் கிடக்கிறது. குடிக்காதவன் தலையிலிருந்து சாராயம் கிளம்பினால் யார் பதில் சொல்வது? ஒரு வாரம் உட்கார்ந்து போனில் படித்தேன். வெளியிலிருந்து படிகிற ஸ்பிரிட்டும் கணக்கைக் கெடுக்கும் என்று ஒருவன் எழுதியிருந்தான். நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனால் படித்தால் புரியும்.

இவன் கேட்டான், "அப்பா, மொட்டையடிச்சுக்கிட்டுப் போனா தப்பா நினைக்க மாட்டாங்களா?"

"நினைக்கிறவன் நினைச்சுக்கட்டும். குனி" என்றேன்.

குனிந்தான். முப்பது தாண்டியும் நான் குனி என்றால் குனிகிறவன் அவன்.

அந்தப் பெண் தலையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், எங்களுக்கு எதையுமே மிச்சம் வைக்கலையா?" என்று சிரித்தாள். "நெஞ்சுல நிறைய இருக்கும்மா, எடுத்துக்குங்க" என்று நான்தான் சொன்னேன். சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் கழற்றினேன். சட்டைக்குள் இருக்கிற முடியில் ஸ்பிரிட் படாது. அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறேன்.

முடி முடிதானே? அதில் தலை என்ன, நெஞ்சு என்ன?

அண்ணன்


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

நாங்கள் முடிக்குள் சாராயத்தைத் தேடுவதில்லை. குடித்தால் கல்லீரல் அதை உடைத்து வேறொரு பொருளாக மாற்றும். அது ரத்தத்தில் ஓடி முடியின் வேருக்குப் போய், முடி வளரும்போது அதற்குள்ளேயே தங்கிவிடும். அதைத்தான் தேடுகிறோம். அதை உடம்புதான் செய்ய முடியும். உங்கள் கடை ஸ்பிரிட்டைக் குடம் குடமாகத் தலையில் கொட்டினாலும் அது அந்தப் பொருளாக மாறாது. நீங்கள் படித்தது வேறொரு சோதனையைப் பற்றியதாக இருக்கும். நீங்கள் பயந்ததற்குக் காரணமே இல்லை.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேரை ஒட்டி மூன்று சென்டிமீட்டர் வெட்டினால் போன மூன்று மாதம். அவன் ஜூலையில் நிறுத்தியிருந்தால் அந்தத் துண்டு அவனைக் காப்பாற்றியிருக்கும். நெஞ்சு முடி அப்படி இல்லை. கொஞ்சம் வளரும், அப்படியே நின்றுவிடும், உதிராமல் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் போன வருஷம் குடித்ததும் இருக்கும். குடித்தானா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லும். எப்போது என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது.

அதனால் முடிவு நமக்கு எதிராகத்தான் வரும், அண்ணா. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கூடவே அந்த மொட்டைத் தலையும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவன் கேட்டது சரிதான்.

இப்போதே வக்கீலிடம் போங்கள். முடி வளரும்வரை அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். அதுவரை மாதம் ஒரு தடவை விரலில் ஊசி குத்தி ரத்தச் சொட்டு எடுத்துச் சோதிக்கலாம், போன சில வாரங்களில் குடித்திருந்தால் அது காட்டிவிடும். ஆனால் மொட்டை எப்படி வந்தது என்று யாராவது எழுந்து சொல்லாமல் நீதிபதி எதையும் கேட்க மாட்டார். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 24

தங்கைக்கு,

வந்துவிட்டது. நீ சொன்ன மாதிரியேதான். அளவுக்கு மேல் என்று ஒரு எண். வக்கீல் அதை வாசித்தபோது என் பையன் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்த்தரப்பு வக்கீல், "மொட்டைத் தலையே வாக்குமூலம்தானே சார், எண்ணு வேற எதுக்கு?" என்று நடைபாதையில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. மே கடைசியில் பயணம். டிக்கெட் போட்டாகிவிட்டது.

எங்கள் வக்கீலிடம் உன் யோசனையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சொல்லலாம் பெரியவரே. சொன்னா உங்க பையன் தப்பிக்கலாம். ஆனா சாட்சியத்தை அழிச்ச தாத்தா இருக்கிற வீட்டுக்குக் குழந்தையை அனுப்புவாங்களா? அதையும் யோசிச்சுக்குங்க" என்றார். நான் எதையும் அழிக்கவில்லை. செய்யாத தப்புக்கு நான் ஏன் போய் நிற்க வேண்டும்?

இதையும் எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல ஆள் இல்லை.

அந்த எண்ணைக் கேட்டதிலிருந்து எனக்குப் புத்தி சரியில்லை. இவன் வெளியே போய் வந்தால் கதவைத் திறக்கிற சாக்கில் கிட்டே போய் நிற்கிறேன். துண்டை வாங்குகிற மாதிரி முகர்கிறேன். அவன் குளிக்கப் போனால் தலையணையைத் தூக்கிப் பார்க்கிறேன். முந்தாநாள் கண்டுபிடித்துவிட்டான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அப்பா, ஊதட்டுமா?" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் ஊதினான். ஏலக்காய் வாசம்தான் வந்தது. ஏலக்காய் எதற்கு மென்றான் என்று அதையும் யோசித்தேன்.

அன்றிலிருந்து என்னோடு சாப்பிடுவதில்லை. கடைக்கு வருகிறான், கத்தியைத் தொடுவதில்லை, துணியை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறான்.

நீ படித்தவள். எனக்குத் தெரியாமல் இவன் குடித்திருப்பானா? சொல்.

அண்ணன்


ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்குத் தெரியாது. அந்த முடியை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. அதைத்தான் போன கடிதத்திலும் எழுதினேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டு நாளைக்கு முன் அவன் எனக்குப் போன் செய்தான். பின்னால் சாலைச் சத்தம். "எங்கேடா நிக்கிற?" என்றேன். "ஒயின் ஷாப்புக்கு எதிர்ல அத்தை" என்றான். "உள்ள போகலை. போகலாமான்னு நிக்கிறேன். ஒம்பது மாசம் குடிக்காம இருந்ததுக்கும் குடிச்சதுக்கும் எங்கப்பாவுக்கே வித்தியாசம் தெரியலை. அப்புறம் எதுக்கு அத்தை?" என்றான். நான் எதையெதையோ பேசினேன். கடை ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்கும்வரை பேசினேன். அதன்பிறகு வீட்டுக்கு நடந்தான். வழி முழுவதும் போனை வைக்க விடவில்லை நான்.

அவன் உள்ளே போகவில்லை என்று நான் நம்புகிறேன். எனக்கு ஆதாரம் இல்லை. வேலையில் நாள் முழுவதும் ஆதாரத்தோடுதான் இருக்கிறேன். இதில் எனக்கு வேண்டாம்.

அவனை முகர்ந்து பார்க்காதீர்கள் அண்ணா. கோர்ட்டுக்குப் போங்கள். தப்புச் செய்தேன் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். செய்ததைச் சொன்னால் போதும்.

உங்கள் தங்கை


மே 9

தங்கைக்கு,

போனேன். நின்றேன். சொன்னேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், "மொட்டை அடிச்சது யாரு பெரியவரே?"

"நான்தான்."

"எதை மறைக்க?"

"மறைக்கிறவன் நெஞ்சுல இருந்து எடுத்துக்கோன்னு பொத்தானைக் கழட்டி விடுவானா?"

பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டார், "கோர்ட் உத்தரவு போட்ட டெஸ்ட். அதுக்கு முந்தின நாள் இப்படிச் செய்யலாமான்னு வக்கீலையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"முடி விஷயத்துல நான் யாரையும் கேட்டுப் பழக்கமில்லைங்க" என்றேன்.

அந்த இடத்தில் வேறு மாதிரி சொல்லியிருக்க வேண்டும் என்று வக்கீல் வழி முழுவதும் திட்டிக்கொண்டே வந்தார். இருக்கட்டும். நடந்ததைத்தான் சொன்னேன். நெஞ்சு முடிக்குக் காலம் தெரியாது என்று நீ எழுதியதை வக்கீல் எடுத்துச் சொன்னார். சோதித்த ஆய்வகத்திலிருந்து வந்தவரும் ஆமாம் என்றார்.

உத்தரவு இது. தலைமுடி மூன்று சென்டிமீட்டர் வளர்ந்ததும் மறுபடி சோதனை. அதுவரை மாதாமாதம் விரலில் ரத்தம். அதுவரை குழந்தை நாட்டை விட்டுப் போகக் கூடாது. சனிக்கிழமைகளில் இவன் மருமகளின் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

அதற்குக் கீழே தனியாக ஒரு வரி. தாத்தா குழந்தையைச் சந்திக்கக் கூடாது, குழந்தை அவர் வீட்டுக்கு வரக் கூடாது, சாட்சியத்தில் கை வைத்ததற்கு அவர் எழுத்தில் மன்னிப்புக் கோரி அது ஏற்கப்படும்வரை.

வெளியே வந்ததும் இவன் என் கையைப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டான்.

அண்ணன்


மே 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சாட்சி சொன்னதை அவன் எனக்குப் போனில் இரண்டு தடவை சொன்னான். "எங்கப்பா கூண்டுல நின்னாரு அத்தை" என்று ஏதோ நீங்கள் மலையைத் தூக்கிவிட்ட மாதிரி.

வக்கீல் மன்னிப்புக் கடிதத்தை எழுதித் தயாராக வைத்திருக்கிறாராம். நீங்கள் கையெழுத்துப் போட மறுக்கிறீர்களாம். ஒரு பக்கம்தானே அண்ணா. போட்டுவிட்டால் அடுத்த சனிக்கிழமையே வாண்டுவைப் பார்க்கலாம். அவள் போன வாரம், "தாத்தாவுக்கு ஜுரமா?" என்று கேட்டாளாம்.

உங்கள் பிடிவாதத்தை எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். இந்த ஒரு தடவை விட்டுக்கொடுங்கள்.

உங்கள் தங்கை


ஜூன் 3

தங்கைக்கு,

பிடிவாதம் என்று எழுதுகிறாய். அந்தத் தாளை நீ படித்தாயா?

"என் மகன் மது அருந்தியதை மறைக்கும் நோக்கத்துடன் அவன் தலையை மழித்தேன்." இதுதான் இரண்டாவது வரி. வக்கீலிடம் சொன்னேன், "மழித்தேன்னு எழுதுங்க. யாரையும் கேக்காம மழித்தேன்னு எழுதுங்க. முட்டாள்னு வேணும்னாலும் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். மறைக்கும் நோக்கம்னு இருக்கே, அதை எடுங்க" என்று. எடுத்துக் கொடுத்தார். அதைக் கோர்ட்டில் ஏற்கவில்லை. நோக்கத்தை ஒப்புக்கொள்ளாத மன்னிப்பு மன்னிப்பே இல்லையாம்.

மறைத்தேன் என்று எழுதினால் மறைக்க ஒன்று இருந்தது என்று ஆகிறது. நாளைக்கு இவன் முடி வளர்ந்து, சோதித்து, சுத்தம் என்று வந்தாலும், அப்பனே எழுதிக் கொடுத்திருக்கிறானே என்று எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளைத்தான் தூக்கிக் காட்டுவார். வாண்டு பெரியவளாகி ஒரு நாள் அந்தக் காகிதத்தைப் படிப்பாள். என் அப்பா குடித்தார், தாத்தா மறைத்தார் என்று நினைப்பாள். நான் செத்தபிறகும் அது கோர்ட்டில் இருக்கும்.

அவனை ஒரு தடவை நம்பாமல் இருந்தேன். ஊதச் சொல்லாமலே ஊத வைத்தேன். இரண்டாவது தடவை கையெழுத்துப் போட்டு நம்பாமல் இருக்க மாட்டேன்.

இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் என்னைப் போடச் சொல்லிக் கெஞ்சுவான். வீம்பு என்றே நினைக்கட்டும். நினைத்தும்விட்டான். "உங்க வீம்புதான் உங்களுக்குப் பெரிசு, குழந்தை இல்லை" என்று சொல்லிவிட்டு வேறொரு சலூனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். குழந்தை இந்த வீட்டுக்கு வர முடியாது என்பதால் அந்தச் சலூன் பக்கத்திலேயே ஒரு அறையும் பார்த்துவிட்டான். பாயைச் சுருட்டிக்கொண்டு போகும்போது அவன் தலையைத் தடவிப் பார்த்தேன். அனுமதி கேட்காமல்தான். ஒரு விரல் அகலம் வளர்ந்திருக்கிறது.

அண்ணன்


ஜூலை 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவன் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டான் என்பதால் நான் எழுதுகிறேன். முடிவு வந்துவிட்டது. மூன்று சென்டிமீட்டரிலும் ஒன்றும் இல்லை. விரல் ரத்தம் மூன்று மாதமும் சுத்தம்.

வாண்டு இங்கேயே இருப்பாள். சனி, ஞாயிறு அவனோடு. மருமகள் அந்த வெளிநாட்டு வேலையை விட்டுக்கொடுத்துவிட்டாள். அவளுக்கும் இது எளிதாக இருந்திருக்காது. உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்கிறேன்.

உங்களைப் பற்றிய அந்த வரி மட்டும் அப்படியே இருக்கிறது. கையெழுத்துப் போடாததற்குப் போன கடிதத்தில் நீங்கள் எழுதிய காரணத்தை அவனிடம் சொல்லட்டுமா? ஒரு வார்த்தை எழுதினால் போதும், சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 19

அன்புள்ள தங்கைக்கு,

சொல்லாதே. சொன்னால் நாளைக்கே கோர்ட்டில் போய் அவன் ஏதாவது உளறி வைப்பான், கிடைத்த சனி, ஞாயிறும் போய்விடும்.

சனிக்கிழமை காலையில் மருமகள் குழந்தையை ஆட்டோவில் கொண்டுவந்து அவன் அறையில் விடுகிறாள். நான் குழந்தையைச் சந்திக்கக் கூடாது, குழந்தை என் வீட்டுக்கு வரக் கூடாது என்றுதான் உத்தரவில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் பேருந்துக்காக நிற்கக் கூடாது என்று இல்லை. முழுவதும் படித்துப் பார்த்துவிட்டேன்.

நின்றேன். இரண்டு பேரும் பால் வாங்க இறங்கி வந்தார்கள். அவன் உடம்பு தேறியிருக்கிறது. தலை நன்றாக மூடிவிட்டது. யாரோ பின்கழுத்தை ஒழுங்காக எடுத்துவிட்டிருக்கிறார்கள். என்னை அவன் பார்க்கவில்லை. வாண்டு பார்த்துவிட்டாள். கையைத் தூக்கப் போனாள். நான் பேருந்து வருகிறதா என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கூப்பிட்டு நான் பதில் சொன்னேன் என்று யாராவது எழுதிப் போட்டால், போகப்போவது அவனுடைய சனிக்கிழமை. திரும்பிய முகத்தைத் திருப்பவே இல்லை. அவர்கள் போன சத்தம் அடங்கியபிறகு பார்த்தேன்.

வளர்ந்திருக்கிறாள். முன்முடியை அவன்தான் வெட்டியிருக்கிறான். எனக்குத் தெரியும், அவன் வெட்டினால் இடது பக்கம் ஏறும். தண்ணீர் தெளித்து வெட்டியிருக்கிறான். காய்ந்ததும் முடி சுருங்கி நெற்றி பாதி தெரிகிறது. குழந்தைக்கு முன்முடியை உலர்வாகத்தான் வெட்ட வேண்டும், சீப்பை நெற்றியில் படுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. அவனிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

அண்ணன்